சோளக்காட்டிலிருந்து வந்த குரல்

'16 வயதினிலே' படப் பாடல்கள் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'செந்தூரப்பூவே'தான். எஸ்.ஜானகிக்கு தேசிய விருது வாங்கித் தந்த பாடல் அது. அடுத்து மலேசியா வாசுதேவன் பாடிய 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு'. இந்த இரண்டின் சத்தத்தில் அதிகம் பேசப்படாமல் போனது 'சோளம் விதைக்கையிலே'. ஆனால் இளையராஜா திரையில் பாடிய முதல் பாடல் என்று சொல்லப்படுவது இதுதான். எழுதியவர் கண்ணதாசன்.

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குமலை அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்திலிருந்து. 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் இறங்கியதும் ஆற்றோர ஊர்கள் நெல்லுக்கு மாறின. மேட்டு நிலங்களோ மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்தன. 1943-இல் பிறந்த இளையராஜா வளர்ந்தது இந்த மண்ணில்தான்.

அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடினார். நம்பூதிரிபாட் அரசின் பெரும்பான்மை மிகக் குறைவு என்பதால் அந்த ஒரு தொகுதிக்கும் பெரிய மதிப்பு இருந்தது. ரோசம்மா வென்றார். அண்ணனின் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்த இளையராஜா, சுமார் பத்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். மைதானத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் சொல் புரிய வேண்டும் என்பதே அந்த மேடைகளின் பாடம்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. மறுவருடம், தேனி அல்லிநகரத்துக்காரரும் பழைய நண்பருமான பாரதிராஜா முதல் படம் எடுத்தார். படப்பிடிப்பு நடந்தது கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கம். ஆக, காட்சியில் தெரிந்த ஊர் வேறு. காதில் கேட்ட ஊர்தான் தேனிப் பக்கத்து ஊர்.

பயிற்சி பெற்ற பாடகர்களின் மெருகு இந்தக் குரலில் இல்லை. வேலை செய்துகொண்டே ஒருவன் பாடுவது போலத்தான் இருக்கும். அந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். பாவலர் 1973-லேயே இறந்துவிட்டார். தம்பியின் குரல் திரையில் ஒலித்ததை அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் மேடைகளில் பழகிய குரல்தான் 1977-இல் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. அடுத்த முறை அந்தப் படத்தின் பாடல்களைக் கேட்கும்போது இதைத் தாண்டிப் போகாமல் ஒருமுறை நின்று கேளுங்கள்.