தாத்தாவின் ரிவால்வர் என்ன விலை போகும்?

கொஞ்சம் நீளமான இழை இது. ராத்திரி சாப்பாட்டை முடிச்சிட்டு நிதானமா படிங்க.

போன மாசம் ஒரு சாயங்காலம், நசரத்பேட்டையில் ஓ.பி. முடியுற நேரம். சுகருக்காக வழக்கமா வரும் ஒரு பெரியவர், மருந்துச் சீட்டை மடிச்சு சட்டைப்பையில் வச்சுக்கிட்டே போனை நீட்டினார். "சார், நீங்க பழைய சாமான் பத்தியெல்லாம் எழுதுவீங்களே. இது எங்க தாத்தாவோடது. என்ன விலை போகும்?"

போட்டோவில் ஒரு ரிவால்வர். புளி போட்டுத் தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி மின்னுது, ஆனா வெள்ளி நிறத்தில். வெப்லி அண்ட் ஸ்காட், .32. தாத்தா 1930களில் லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அப்பா காலத்தில் யாரோ நிக்கல் முலாம் பூசி, பிடியையும் மாத்தியிருக்காங்க. அப்பா இறந்த பிறகு முறைப்படி ஒரு ஆயுத வியாபாரியிடம் ஒப்படைச்சு வச்சிருக்காங்க. "இன்னொரு தடவை பாலிஷ் போட்டு முலாம் ஏத்தினா லட்சக்கணக்கில் போகும்னு மச்சான் சொல்றார்" என்றார்.

"அய்யா, முதல்ல அதைத் தொடாதீங்க" என்றேன். ஏன் என்று அன்னைக்கு முழுசா சொல்ல நேரமில்லை. அதைத்தான் இங்கே எழுதுறேன். நான் துப்பாக்கி நிபுணர் இல்லைங்க. எம்.பி.பி.எஸ்.-இல் தடயவியல் மருத்துவம் படிச்சபோது பிடிச்ச ஆர்வம், இன்னும் விடலை.

நம்ம பக்கத்து ஆட்களுக்குத் துப்பாக்கின்னா நினைவுக்கு வருவது 12 ஜனவரி 1967, ராமாவரம் தோட்டம், எம்.ஜி.ஆர்., எம்.ஆர். ராதா. அது வேற கதை, இன்னொரு நாள். இன்னைக்கு வெப்லிக்கு வருவோம்.

பர்மிங்காமில் தயாரான வெப்லி ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏத்துக்கிட்டது. முதல் உலகப் போர் நடந்த 1915இல் வந்தது மார்க் 6. .455 அளவு, 6 தோட்டா, கிட்டத்தட்ட 1.1 கிலோ எடை. நடுவில் மடிச்சா வாய் பிளக்கும், காலித் தோட்டாக்கள் தானா வெளியே வந்து விழும். கான்பூரில் நம்ம அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரும் இந்த வம்சம்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பெரிய வெப்லிகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குப் போய் சல்லிசா விற்பனையாச்சு. ஒரே சிக்கல், .455 தோட்டா அங்கே சுலபமா கிடைக்காது. .45 ஏ.சி.பி. என்கிற அவங்க ராணுவத் தோட்டா மூட்டை மூட்டையா கிடைக்கும். அதனால் வியாபாரிகள் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைசல் மிஷினில் கொடுத்துக் கொஞ்சம் சீவிட்டாங்க. அரைவட்டக் கிளிப்பில் மூணு மூணா மாட்டின .45 தோட்டா அதில் கச்சிதமா உட்கார்ந்தது.

உட்கார்ந்தது சரி, சுட்டா? .455 தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 13,000 பவுண்டு. .45 ஏ.சி.பி.க்கு உச்ச வரம்பு 21,000. ஒன்றரை மடங்குக்கும் மேல! தொண்ணூறு வயசுக்காரரை ட்ரெட்மில்லில் ஏத்தி ஓடச் சொல்ற மாதிரி. முதல் நாளே விழணும்னு இல்லை, ஆனா ஒரு நாள் சிலிண்டர் விரிசல் விடும். இன்னைக்கும் சேகரிப்பாளர் ஒரு மார்க் 6ஐக் கையில் எடுத்தா முதல்ல பார்ப்பது சிலிண்டரின் முதுகைத்தான். சீவியிருந்தா விலை கணிசமா இறங்கும். சீவின இரும்பை மறுபடி ஒட்ட முடியாதே.

நிக்கல் முலாமுக்கு வரேன். ஆலையே நிக்கல் பூசி விற்றதும் உண்டு, அதனால் பளபளப்பைப் பார்த்ததும் தள்ளிவிடக் கூடாது. எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்க. ஆலை வேலைன்னா கூர்மையா இருக்கும். பின்னாடி பூசினதுன்னா, அதுக்கு முன்னாடி பஃபிங் சக்கரத்தில் தேய்ச்சிருப்பாங்க. எழுத்து, எண், சோதனை முத்திரை எல்லாம் கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். விசை, சுத்தியல், திருகு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே முலாம் அடிச்சிருந்தாலும் சந்தேகப்படலாம்.

பெரியவர் போட்டோவைப் பெரிசு பண்ணினேன். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பாதிதான் தெரிஞ்சது. எனக்குக் கவலை வந்ததே அப்பதான். ஏன்னு புரிய இந்தூர் வரைக்கும் போகணும்.

17 டிசம்பர் 1928, லாகூர். சாண்டர்ஸ் என்கிற போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் பகத் சிங்கின் ஆயுதம் என்று பதிவானது ஒரு .32 கோல்ட் ஆட்டோமேட்டிக், எண் 168896. ரிவால்வர் இல்லை, பிஸ்டல். 23 மார்ச் 1931இல் அவரைத் தூக்கிலிட்டாங்க. அந்தத் துப்பாக்கி பஞ்சாபில் உள்ள பில்லோர் போலீஸ் பயிற்சி நிலையத்துக்குப் போய், 1969இல் வேறு சில ஆயுதங்களோட சேர்ந்து இந்தூரில் இருக்கும் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்குப் போனது. அங்கே அருங்காட்சியகத்தில் பத்தோட பதினொண்ணா கிடந்தது. துருப்பிடிக்கக் கூடாதுன்னு கறுப்பு பெயிண்ட் வேற அடிச்சு வச்சிருந்தாங்க.

2016இல் ஒரு பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் துருவி எண்ணைக் கண்டுபிடிச்சு இந்தூர் வரைக்கும் வந்து சேர்ந்தார். பெயிண்டைச் சுரண்டினாங்க. 168896 வெளியே வந்தது. அதுவரை பேர் தெரியாத ஒரு பழைய இரும்பு. இப்ப பஞ்சாபில், பகத் சிங்கின் உடல் எரிக்கப்பட்ட ஹுசைனிவாலாவில் காட்சிக்கு இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. பெயிண்ட் அடிச்சவர் நல்ல எண்ணத்தில்தான் அடிச்சார். நல்லவேளை, பெயிண்ட் மட்டும்தான் அடிச்சார்! பஃபிங் சக்கரத்தில் கொடுத்திருந்தா நாம எதைச் சுரண்டிப் பார்த்திருப்போம்?

இதுக்கு நேர் எதிரா லண்டனில் ஒண்ணு இருக்கு. 13 மார்ச் 1940இல் கேக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம் சிங் மைக்கேல் ஓ'ட்வையரைச் சுட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். அதுக்கு அவர் போட்டது பல வருஷம் பழைய, அளவிலும் சற்றுச் சிறிய தோட்டாக்கள். ஓ'ட்வையர் அங்கேயே இறந்தார். குண்டு பட்ட மற்ற மூவரும் காயத்தோட பிழைச்சாங்க. அளவு சின்னதா இருந்தா வாயு பக்கவாட்டில் கசிஞ்சு வேகம் குறையும், அதுவும் ஒரு காரணம். அந்த ரிவால்வர் ஸ்காட்லாந்து யார்டின் குற்ற அருங்காட்சியகத்தில் இருக்கு. அதை யாரும் பளபளப்பாக்க நினைக்கலை.

சரி, பெரியவர் விஷயம். 1959 ஆயுதச் சட்டத்தின் 8வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, துப்பாக்கியில் இருக்கும் எண்ணையோ அடையாளக் குறியையோ அழிக்கக் கூடாது, அது இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது. அதோட நிக்கலை. எண் அழிஞ்ச துப்பாக்கி யார் கையில் இருக்கோ, அவர்தான் அழிச்சார்னு சட்டம் முதலில் ஊகிக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அப்பா காலத்து பாலிஷ்காரர் தேய்ச்சதுக்கு இந்த 71 வயசு மனுஷன் பதில் சொல்லணும். மச்சான் சொன்னபடி இன்னொரு தடவை தேய்ச்சிருந்தா, மிச்சமிருக்கும் அந்தப் பாதியும் போயிருக்கும்.

"பழம்பொருள்தானே சார், அதுக்கு விலக்கு இருக்காமே?" என்றும் கேட்டார். இருக்கு. 45வது பிரிவில், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கு மட்டும். அவருடையது நல்லா சுடும். 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகவும் 100 வயசு ஆகணும், இது அதுக்கும் இளசு. ஆக, சட்டத்தின் கண்ணில் அது வெறும் துப்பாக்கி. லைசென்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும். லட்சம் எல்லாம் மச்சானின் கணக்கு.

ஒரு சின்ன தடயவியல் தகவல். எண்ணை உளியால் அடிக்கும்போது மேல் தோல் மட்டும் பள்ளமாகாது, அடியில் இருக்கும் இரும்பும் நசுங்கி இறுகும். மேலே அராவினாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். தகுந்த அமிலக் கரைசலைத் தடவினா, நசுங்கின இடம் வேற மாதிரி அரிச்சு, எண் நிழல் மாதிரி தெரியும். அடிபட்ட தோலில் வெளியே தழும்பு மறைஞ்சாலும் உள்ளே கட்டி தட்டுப்படுமே, அப்படி. ஆனா ரொம்ப ஆழமா அராவிட்டா இதுவும் கை கொடுக்காது. ஆய்வகத்தில் செய்ய வேண்டியது இது, வீட்டில் யாரும் முயற்சி பண்ணாதீங்க!

அடுத்த தடவை வந்தபோது பெரியவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டு வந்தார். ஓரமெல்லாம் கரையான் அரிச்சது. மையால் எழுதின எண் தெளிவா இருந்தது. போட்டோவோட வச்சுப் பார்த்தோம். பாதி தெரிஞ்ச இரண்டு இலக்கமும் 3, 8. அதே எண்தான்.

"இதைப் பத்து ஜெராக்ஸ் போட்டு வைங்க, அசலை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க" என்றேன். மகள் பேருக்கு லைசென்ஸ் கேட்டு ஆவடி கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போறாராம். விலை பத்தி மறுபடி கேட்டார். நிக்கல் பூசாம இருந்திருந்தா கூடுதலா போயிருக்கும்னு உள்ளதைச் சொன்னேன். முகம் வாடிப் போச்சு.

அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 182. அதுக்கு ஒரு கால் மணி நேரம் தனியா திட்டு வாங்கிட்டுப் போனார்.