முடிவு தெரிந்த கதையை ஏன் திரும்பப் படிக்கிறேன்?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பெரிய பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்துக்கொண்டிருந்தேன். "தாத்தா, இதைத்தானே போன வருஷமும் வெச்சிருந்தீங்க? முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குத் திரும்பத் திரும்பப் படிக்கிறீங்க?" என்று கேட்டாள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இரவு படுத்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

வரலாற்று வாத்தியாருக்கு விண்வெளிக் கதையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் ஓபரா' என்று ஒரு வகை உண்டு. ராஜ்ஜியம், சக்கரவர்த்தி, சதி, போர், எல்லாம் இருக்கும். நடக்கும் இடம் மட்டும் நட்சத்திரங்களுக்கு நடுவே. அமெரிக்க வானொலியில் சோப்பு கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய தொடர் நாடகங்களை 'சோப் ஓபரா' என்று கேலி செய்தார்கள். அதைப் பார்த்து 1941-ல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் 'ஸ்பேஸ் ஓபரா' என்று பெயர் வைத்தார். அதுவும் திட்டுவதற்காக வைத்த பெயர்தான். பின்னாளில் அதுவே அந்த வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தது. 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் பிளாஷ் கார்டன் வருவான். மோங்கோ கிரகம், அதன் கொடுங்கோலன் மிங். சேலத்தில் மாமா வீட்டில் அந்தப் புத்தகங்கள் இருக்கும். ஆங்கிலம் புரியாது. படத்தைப் பார்த்து நாங்களே வசனம் சொல்லிக்கொள்வோம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பெங்களூரு அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடை ஒன்றில் ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கிடைத்தது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நட்சத்திர மண்டலம் முழுவதையும் ஆண்ட ஒரு பேரரசு சரிகிறது. அது சரியும் என்று ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர் முன்பே கணக்குப் போட்டுச் சொல்கிறார். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி கிப்பன் எழுதிய வரலாற்றை மனதில் வைத்துத்தான் அசிமோவ் இதை எழுதினார். முதல் மூன்று புத்தகங்களும் 1951 முதல் 1953-க்குள் வெளிவந்தன. அதே காலத்தில்தான், 1950-லிருந்து 1954 வரை, நம் கல்கி சோழர் வரலாற்றை வைத்து 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதிக்கொண்டிருந்தார். பழைய வரலாற்றை எடுத்து, ஒருவர் ஆகாயத்தில் தொடர்கதை ஆக்கினார், ஒருவர் காவிரிக் கரையில் ஆக்கினார். வாத்தியாருக்கு இரண்டுமே பாடப்புத்தகம்தான்.

செல்டனின் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெருங்கூட்டம் என்ன செய்யும் என்று சொல்லலாம், தனி ஒரு ஆள் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. இதில் விண்கலம் பறக்காது. ஆனாலும் சாம்ராஜ்ஜியம், சதி, புரட்சி, வாரா வாரம் ஒரு திருப்பம் என்று தமிழில் எனக்குக் கிடைத்த ஸ்பேஸ் ஓபரா இதுதான். கதை நடப்பது 2022-ஐ ஒட்டிய காலத்தில். நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். எல்லோருக்கும் இரண்டே எழுத்தில் பெயர், கூடவே ஒரு எண். நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். வயதானவர்களை அரசே முடித்துவிடும். நிலாவுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் கணவன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகமெல்லாம் படிக்கும் நாய்! பின்னர் 'மீண்டும் ஜீனோ' என்று தொடர்ச்சியும் வந்தது.

அப்போது எனக்கு 27 வயது இருக்கும். ஊருக்கு வரும் பஸ்ஸில் விகடன் கட்டு வரும். ஒரு பிரதி டீக்கடைக்கு, ஒன்று முடிதிருத்தும் கடைக்கு, ஒன்று எனக்கு. நான் படித்து முடித்ததும் அது வகுப்புக்குப் போய்விடும். பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்ததையெல்லாம் நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? தெரிந்துதான் விட்டேன். வருஷக் கடைசியில் தொடர் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, மைதா பசையில் அட்டை ஒட்டி பைண்டு செய்து கொடுத்தவன் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன். அந்த பைண்டிங் இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் இரண்டு வாரம் இல்லை. யார் வீட்டில் இருக்கிறதோ!

அதையொட்டி 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. அந்த ஜனவரியில்தான் நமக்குப் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கி வைத்திருந்தார்கள். அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் என்று பஸ் மாறி மாறி உங்களில் பத்துப் பேரை அழைத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று 1977-ல் கண்டறியப்பட்டபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் அந்தக் காவலூரும் ஒன்று. திரும்பும்போது பஸ்ஸில் ஒருவருக்கொருவர் இரண்டெழுத்துப் பெயர் வைத்துக்கொண்டீர்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த நீளப் பெயர்கள் எல்லாம் அன்றைக்குச் சுருங்கிப்போயின. எனக்கு 'வாதி' என்று பெயர் வைத்தீர்கள். வாத்தியாரின் சுருக்கமாம்!

முதல் வாசிப்பில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஜீனோ மட்டும்தான். நாய் பேசுகிறது, யோசிக்கிறது, வாதாடுகிறது. அந்த வயதுக்கு அது போதும்.

இரண்டாம் வாசிப்பு தொண்ணூறுகளில், புத்தகமாகக் கைக்கு வந்தபோது. அதற்குள் பிளஸ் டூ மாணவர்களுக்கு நெருக்கடி நிலைக் காலத்தைப் பாடமாக நடத்தியிருந்தேன். 1976-77 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதில் பலர் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். அது நடந்து பத்து வருஷத்துக்குள் வந்த தொடர்கதையில் அரசு குழந்தைக்கு அனுமதிச் சீட்டு தருகிறது! எதிர்காலக் கதை என்று நினைத்தது அப்போது நேற்றைய வரலாறாகத் தெரிந்தது. சுஜாதா அதை நினைத்து எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித் தோன்றியது.

மூன்றாம் முறை 2008-ல். பிப்ரவரி 27 அன்று அவர் காலமான செய்தி வந்தது. அந்த வாரம் முழுவதும் படித்தேன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். நம் ஊரிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் இருந்த மனிதர். ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்கலாம்.

நான்காம் முறை 2022 ஜனவரி 1. கதையில் வரும் காலம் வந்துவிட்டதே என்று வேண்டுமென்றே எடுத்தேன். இந்த முறை நிலாவும் பிடிபடவில்லை, ஜீனோவும் பிடிபடவில்லை. முதியவர்களை முடித்துவிடும் அந்த ஏற்பாட்டிலேயே மனம் நின்றுவிட்டது. ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. இருபத்தேழு வயதில் அந்த வரிகளை ஒரு நொடியில் தாண்டிப் போயிருக்கிறேன். நம் தகடூர் மண்ணில் அதியமான் என்ன செய்தான்? நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். அதை நாற்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு, அன்றைக்குத்தான் அந்தக் கனியின் அருமை தெரிந்தது.

ஐந்தாவது இப்போது. இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தொடர் வந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படிப்பாள். ஒருநாள் இதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "சார், நிலாவுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. பொறக்கிறது பொண்ணா இருந்தா என்ன பண்ணுவாங்க?" நான் சிரித்தேன். "அடுத்த வாரம் படி, தெரியும்" என்றேன்.

அந்த மாதம் அவள் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது என்றார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தங்கைகள். பிறகு குழந்தை தவறிவிட்டது என்றார்கள். எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும்தான்.

வரலாற்று ஆசிரியன் என்பதால் மீதியைத் தேதியோடு சொல்கிறேன். 1965 வரை நம் தர்மபுரி சேலம் மாவட்டத்தோடு இருந்தது. அந்தச் சேலத்தில்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வேண்டாத பெண் குழந்தையைத் தொட்டிலில் போடுங்கள், அரசு வளர்க்கும் என்றார்கள். 2001-ல் தர்மபுரிக்கும் அது வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. ஏனென்றால் அதற்குள் ஸ்கேன் இயந்திரம் நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் நம் மாவட்டத்தில் ஆறு வயது வரை 1000 ஆண் குழந்தைகளுக்கு 900-க்கும் குறைவான பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. நர்சுகள், அங்கன்வாடிப் பெண்கள், சங்கங்கள், பள்ளிக்கூடங்கள் என்று பலர் பாடுபட்டதன் பலன் அது.

இயந்திரம் இனியதா கொடியதா என்று எங்கள் காலத்தில் பட்டிமன்றமே நடத்தினோம். கதையில் வந்த இயந்திரம் நிலாவைக் காப்பாற்ற ஓடியது. நம் ஊருக்கு வந்த இயந்திரத்தை நாம் வேறு வேலைக்கு அனுப்பினோம். குறை இயந்திரத்தில் இல்லை.

இந்த எண்களை எல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். செல்டனைப் போலக் கூட்டத்தின் கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் எதிரில் நின்று கேள்வி கேட்ட ஒரு பிள்ளை எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவள் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வாசிப்பும் கிட்டத்தட்ட நாற்பது வருஷமும் ஆகியிருக்கிறது. அன்றே புரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. குறைந்தபட்சம் சிரித்திருக்க மாட்டேன்.

பேத்திக்கு என் பதில் இதுதான். கதையின் முடிவு தெரியும் கண்ணு. ஆனால் போன முறை எதைப் பார்க்காமல் தாண்டிப் போனேன் என்பது திரும்பப் படித்தால்தான் தெரிகிறது.

இதைப் பதிவிடும் முன் அந்த மாணவியை போனில் அழைத்தேன். இப்போது அவளுக்கே ஐம்பது வயதுக்கு மேல். இரண்டு பிள்ளைகள், இரண்டும் பெண்கள். பெரியவள் நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாள். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எழுதுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். பஸ்ஸில் வைத்துக்கொண்ட இரண்டெழுத்துப் பெயரையாவது போடட்டுமா என்று கேட்டேன். "அது இன்னும் ஞாபகம் இருக்கா சார்?" என்று சிரித்தாள். அதுவும் வேண்டாம் என்றாள். போடவில்லை.

அந்த பைண்டிங்கில் காணாமல் போன இரண்டு வாரப் பக்கங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள். வீட்டில் பழைய தொடர்கதை ஏதாவது பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். நீங்கள் எதை எத்தனை முறை படித்தீர்கள், எந்த வயதில் எது கண்ணில் பட்டது என்று எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்