தராசோடு அடுப்படிக்குப் போனவர்கள்

மனையியல் என்றால் "சமையல் படிப்புதானே, கல்யாணத்துக்கு உதவும்" என்பார்கள். அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்தையே நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்படி யாராவது சொன்னால் உடனே ராஜம்மாள் தேவதாஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

செங்கத்தில் 1919இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மனையியல் பட்டப் படிப்பு புதிதாக வந்த 1940களில், ராணி மேரிக் கல்லூரியில் அதைப் படித்தார். பின்னர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம். 1950இல் முனைவர் பட்டம். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவே வீடுகள் தயங்கிய காலம் அது. பரோடாவிலும் டெல்லியிலும் பணியாற்றிவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தார். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம், பெண்களுக்கென 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரிதான் அதன்பின் அவருடைய வாழ்க்கை.

அந்தத் தலைமுறை மனையியல்காரர்கள் செய்த வேலைகளில் உணவு ஆய்வைத்தான் நான் முதலில் சொல்வேன். மாணவிகள் தராசை எடுத்துக்கொண்டு கிராமத்து வீடுகளுக்குப் போவார்கள். உலை வைப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். அரிசி, சோளம், பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் பச்சையாகவே எடை போடுவார்கள். யார் யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது என்பதையும் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஆளுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச்சத்து என்று கணக்குப் போடுவார்கள். கடைசியில் உட்கார்ந்து சாப்பிடும் தாய்க்கு என்ன மிஞ்சுகிறது என்று எடை போட்டுப் பார்ப்பது நம் சமூகத்தில் சின்னக் காரியமில்லை.

அந்தக் கல்லூரியில் உருவானதுதான் 'குழந்தை அமுது' என்ற சத்துமாவு. சோளம், கேழ்வரகு போன்ற தானியம் ஒன்று, பாசிப்பருப்பு, வறுத்த நிலக்கடலை, வெல்லம். எல்லாம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைத் தானியம் ஈடுகட்டும். நீர்த்த கஞ்சி பிள்ளையின் சின்ன வயிற்றை நிரப்பிவிடும், உடம்பில் ஒட்டாது. அதனால்தான் கடலையும் வெல்லமும். டப்பா மாவு வாங்க முடியாத தாய்க்காக ஒரு விஞ்ஞானி யோசித்த விதம் இது.

காமராசர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். தட்டில் விழும் சோறு பிள்ளையின் எடையிலும் உயரத்திலும் என்ன மாற்றம் செய்கிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டுமே. ராஜம்மாளும் உடன் உழைத்தவர்களும் அதையும் ஆராய்ந்தார்கள்.

கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2002இல் காலமானார்.

அந்தக் காலத்தில் மனையியல் படித்தவர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ அவர்களில் ஒருவரானால், பரணில் பழைய உணவு ஆய்வு நோட்டுகள் கிடக்கலாம். நம் ஊர் வீடுகள் அன்றைக்கு என்ன சாப்பிட்டன என்பது கிராம் கணக்கில் அவற்றில் இருக்கும். பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாமல், பக்கத்திலுள்ள கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.