மாசியின் இரண்டு பூக்கள்

மாசி பிறந்ததும் புதுக்கோட்டைச் சீமையில் பனி விலகி வெயில் உறைக்கத் தொடங்குகிறது. வேம்பு பழுத்த இலைகளை உதிர்க்கிறது. மாமரங்கள் பூத்து நிற்கின்றன. இந்த மாதம் தரும் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளில் இரண்டு, பூவோடு பிறந்தவை. ஒன்று, புதுக்கோட்டை நகரில் திருவப்பூர் முத்துமாரியம்மனுக்கு நடக்கும் பூச்சொரிதல். மற்றொன்று, கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் குதிரைச் சிலைக்கு மாசிமகத்தில் காகிதப் பூ மாலை சாத்துவது. அங்கே வாடும் பூ, இங்கே வாடாத பூ. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதிர்பாராத இடங்களில் அவை உறவு கொண்டாடுகின்றன.

நாள் குறிப்பதிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. திருவப்பூரில் கிழமை பார்க்கிறார்கள்: பூச்சொரிதல் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. குளமங்கலத்தில் நட்சத்திரம் பார்க்கிறார்கள்: மகம் எந்தக் கிழமையில் வந்தாலும் திருவிழா அன்றுதான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பருவம். பனிக்காலத்தில் அருகிப்போன மல்லிகை, வெயில் ஏற ஏற அரும்பு கட்டும். சந்தைக்கு வரத்து கூடும். பூச்சொரிதலுக்கு இந்த வெயில் பூவைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அதே வெயில் குளமங்கலத்திலும் துணை நிற்கிறது: மழை அரிதான மாதம் என்பதால்தான் காகித மாலையைத் திறந்த வெளியில் நம்பித் தொங்கவிட முடிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த விழா வந்திருந்தால் மாலைகள் ஒரே நாளில் கூழாகியிருக்கும்.

காலத்தை இரண்டும் கையாளும் விதம் நேர்மாறானது. சொரியும் பூவைச் சேமித்து வைக்க முடியாது. பறித்த பூ வாடுவதற்குள் அம்மனிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே எல்லா வேலையும் ஓர் இரவுக்குள் நெருங்கி வந்து நிற்கிறது. நகரின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மின்விளக்கு அலங்காரத்தோடு பூ வண்டிகள் புறப்படுகின்றன. மேளமும் வாண வேடிக்கையும் முன்னே செல்ல, தூக்கம் மறந்த பிள்ளைகள் பின்னே செல்கிறார்கள். பெண்கள் பூத்தட்டை ஏந்தி நடக்கிறார்கள். தட்டில் இருப்பது தொடுத்த சரம் அல்ல, உதிரிப்பூ: செவ்வந்தி, அரளி, ரோஜா, சம்பங்கி. கொட்டுவதற்கென்றே எடுத்துப் போகும் பூவை யாரும் கட்டிக்கொண்டிருப்பதில்லை.

காகிதப் பூவுக்கோ அவசரம் கிடையாது. அதன் உழைப்பு விழாவுக்கு முந்திய நாட்களில் பரவிக் கிடக்கிறது. வண்ணக் காகிதத்தை அடுக்கி மடித்து, கத்தரித்து, விரலால் சுருக்கி இதழாக்கி, நூலில் கோத்துக் கொண்டே போக வேண்டும். குதிரை 30 அடிக்கும் மேல் உயரமானது. முன்கால்களைத் தூக்கித் தாவும் கோலத்தில் நிற்பது. அதன் கழுத்திலிருந்து தரை வரை தொங்க வேண்டிய மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வர முடியாது. வேனிலும் டிராக்டரிலும் ஏற்றி வருகிறார்கள். அம்மனின் பூவை எடையால் அளக்கிறோம் என்றால், அய்யனாரின் பூவை நீளத்தால் அளக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. குளமங்கலம் பூவுக்குப் பஞ்சமான ஊர் அல்ல. கீரமங்கலம், செரியலூர், சேந்தன்குடி, பனங்குளம், குளமங்கலம் என்று அந்த வட்டாரம் முழுவதும் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் பயிராகும் மண். கீரமங்கலம் பூச்சந்தை புதுக்கோட்டைக்கும் பூ அனுப்புகிறது. பூ விளையாத நகரம் நிஜப் பூவைக் கூடை கூடையாகக் கொட்டுகிறது. பூ விளையும் கிராமம் தன் சாமியின் குதிரைக்குக் காகிதத்தில் பூ செய்கிறது. இதை முரண் என்று தள்ளிவிடத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 30 அடி நீளத்துக்கு நிஜப் பூவை நெருக்கிக் கட்டினால் தன் பாரத்தாலேயே அது அறுந்து விழும்; காகிதம் அத்தனை உயரத்தையும் லேசாகத் தாங்குகிறது. அதோடு, நாள்தோறும் விடியுமுன் பூப்பறிக்கும் கைகளுக்குப் பூ என்பது பிழைப்பு. காகிதத்தை மடித்து ஒரு பூவைப் புதிதாகச் செய்வது அவர்களுக்குத் தனி இன்பமாக இருப்பதில் விந்தை இல்லை.

காகிதப் பூவைப் போலிப் பூ என்று தாழ்த்துவோர் போர்ச்சுகல் நாட்டின் காம்போ மயோர் என்ற சிற்றூரையும் நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஊர்மக்கள் கூடி முடிவெடுக்கும் ஆண்டில் மட்டும் தெருக்களையெல்லாம் தங்கள் கையால் செய்த காகிதப் பூக்களால் மூடி விழா எடுக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அங்கேயும் சரி, குளமங்கலத்திலும் சரி, மதிக்கப்படுவது பலருடைய கை கூடிச் செய்த வேலை.

நேர்ச்சையின் தன்மையிலும் முதலில் வேறுபாடு, பிறகு ஒற்றுமை. உதிரிப்பூவைக் கொட்டிய மறுகணமே அது யார் வீட்டுப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது. காகித மாலையை, ‘அதோ, அது நம்முடையது’ என்று பிள்ளைக்குக் காட்டலாம். ஆனால் எவ்வளவு நேரம்? அடுத்த மாலை ஏறுகிறது, அதன்மேல் மற்றொன்று. சிறிது நேரத்தில் நம் மாலை உள்ளே போய்விடுகிறது. கொடுத்தவரின் அடையாளம் அங்கே உடனே கரைகிறது, இங்கே மெல்லக் கரைகிறது. முடிவில் இரண்டு இடத்திலும் ஊரின் பூ மட்டுமே மிஞ்சுகிறது.

அலங்காரம் என்பது ஒன்றை எடுப்பாகக் காட்டுவதற்கு என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்த இரண்டு விழாக்களும் அலங்கரிக்கப்படுவதையே மறைத்துவிடுகின்றன. அம்மன் பூவுக்குள் போய்விடுகிறாள். குதிரை மாலைக்குள் போய்விடுகிறது. அம்மனைக் குளிர்விக்க ஒரு கூடை போதாதா, குதிரைக்கு ஒரு மாலை போதாதா என்று கணக்குப் பார்த்தால் இந்த விழாக்கள் இல்லை. தேவைக்கு மேல் கொடுப்பதில்தான் இரண்டும் மகிழ்கின்றன.

விழா முடிந்த பின் மட்டும் வழிகள் பிரிகின்றன. சொரிந்த பூ மண்ணோடு மண்ணாகி உரமாகும். காகிதம் அத்தனை விரைவில் மறையாது. அதில் நெகிழித் தாள் கலந்தால் மறையவே மறையாது. வில்லுனி ஆற்றங்கரையில் நிற்கும் குதிரைக்குக் காகிதத்தைக் காகிதமாகவே சாத்துவது, அந்த ஆற்றுக்கும் செய்யும் மரியாதை. பூச்சொரிதலிடமிருந்து மாலை விழா கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் இது. மாலை விழாவிடமிருந்து பூச்சொரிதலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: காசு கொடுத்து வாங்கும் கூடையோடு, வீட்டு வாசலில் வளர்த்துப் பறித்த ஒரு கைப்பிடி அரளியையும் சேர்த்துக் கொட்டினால் நம் உழைப்பும் அந்தக் குவியலில் கலந்திருக்கும்.

எது சிறந்தது என்ற கேள்விக்கு இங்கே வேலை இல்லை. மாசியில் இரண்டு ஊருக்கும் போய் வர முடிந்தவர்களுக்கு, ஒன்று மற்றதை விளங்க வைக்கும்.