மாறிய வேரில் எக்ஸ் சர்வர்

பெல் ஆய்வுக்கூடம் 1979-இல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற சிஹெச்ரூட் என்னும் கெர்னல் அழைப்பு, ஒரு நிரலுக்கு ‘வேர்’ எனப்படும் உச்சக் கோப்புறை எது என்பதை மட்டுமே மாற்றியது. கெர்னலும் சாதனங்களும் ரூட் பயனரின் அதிகாரமும் உள்ளும் புறமும் ஒன்றாகவே இருந்தமையால் அதைச் சிறையெனக் கருதுவது பிழை. உண்மையான அடைப்பு தேவைப்பட்டபோது, ஃப்ரீபிஎஸ்டி 2000-இல் தன் 4.0 பதிப்பில் ஜெயில் என்னும் வசதியைத் தனியே உருவாக்க நேர்ந்தது.

இவ்வாறு வேர் மாற்றிய கோப்புறைக்குள், அதாவது சிஹெச்ரூட்டுக்குள், எக்ஸ் சாளர முறையை ஓட்டும்போது இவ்வேறுபாடு தெளிவாகும். எம்.ஐ.டி.யில் 1984-இல் ராபர்ட் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கி, 1987-இல் எக்ஸ்11 என்னும் வடிவத்தை எட்டிய சாளர முறையில், திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றையும் சர்வர் என்னும் ஒரே நிரல் தன்வசம் வைத்துக்கொண்டு, கிளையண்ட் எனப்படும் பிற நிரல்கள் கேட்பதை வரைந்து தருகிறது. கிளையண்ட் மட்டும் சிஹெச்ரூட்டுக்குள் இருந்தால் சிக்கல் சிறியதே: சர்வரின் சாக்கெட்டை எட்டும் வழியும், அனுமதிச் சீட்டாகிய குக்கியும் கிடைத்தால் போதும்.

சர்வரையே உள்ளே ஓட்டுவதுதான் கடினம். அக்கடினம் காலப்போக்கில் கூடியது. 1990-களின் எக்ஸ்ஃப்ரீ86 என்னும் எக்ஸ் சர்வரில் சுட்டி எந்தச் சாதனக் கோப்பில் உள்ளது என்பதை நிர்வாகியே அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தார். ஆகவே அச்சாதனக் கோப்பு உள்ளே இருந்தாலே சுட்டி இயங்கியது. ஆனால் அதன் வழிவந்த எக்ஸ்.ஆர்க் சர்வர் 2010-இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து, லினக்ஸில் சாதனங்களைக் கண்டறிந்து பட்டியலிடும் யூடெவ் என்னும் சேவையிடம் அத்தகவலைக் கேட்கத் தொடங்கியது. யூடெவ் தன் குறிப்புகளை வைத்திருக்கும் ‘ரன்’ கோப்புறை சிஹெச்ரூட்டுக்குள் வெறுமையாக இருப்பின், திரை ஒளிர்ந்து, சுட்டியின் குறி நடுவில் அசையாமல் நிற்கும்; எந்த விசையை அழுத்தியும் பயன் இராது. இந்நிலையில் பலர் சுட்டி, விசைப்பலகை ஆகியவற்றை இயக்கும் டிரைவரைப் பழித்து அதை மீண்டும் மீண்டும் நிறுவிக் காலத்தை வீணாக்குவது வருந்தத்தக்கது. ஏனெனில் டிரைவர் நலமாகவே இருக்கிறது, அதை ஏற்றும்படி சொல்வதற்குத்தான் உள்ளே எவருமில்லை.

புறத்தேயுள்ள ஒரு கோப்புறையை உள்ளேயும் தெரியச் செய்யும் பைண்டு மவுண்ட் முறையில் ‘டெவ்’, ‘ரன்’ ஆகிய இரண்டையும் இணைப்பது இதற்கு நேரடித் தீர்வு. தானாகச் சாதனம் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, பழைய முறைப்படி ஒவ்வொரு சாதனத்தையும் அமைப்புக் கோப்பில் எழுதுவது மற்றொன்று. எவ்வழியாயினும், டிரைவரைத் தொடுமுன் மவுண்ட் பட்டியலைப் பார்ப்பதே முறை.