புல்வெளியின் வரலாறும் தீயின் தொண்டும்

வரலாற்றாசிரியர்க்கு ஏடும் கல்வெட்டும் சான்றுகளாவன. புல்லும் மரமும் அவ்வாறு சான்றாகுமோ எனின், ஆகும் என்பதை வட அமெரிக்காவின் விசுக்கொன்சின் மாநிலத்தில் நிகழ்ந்த கள ஆராய்ச்சி நன்கு புலப்படுத்துகின்றது. அழிந்துபோன ஒரு நிலத்தை மீட்கப் புகுந்த அறிஞர், அதன் இயல்பை முதலில் முற்றாக உணராமையும், பின்னர்ச் செடிகளையே உசாவித் தெளிவு பெற்றமையும் ஈண்டு ஆராயப்படும்.

விசுக்கொன்சினின் தென்பாகத்தில் ஒரு காலத்தே பிரேரி எனும் உயர்புல்வெளி பரந்து கிடந்தது. அங்கு ஆளுயரத்துக்கும் மேலாக வளர்ந்த புற்களின் வேர்கள் நிலத்துள் ஆறடிக்கும் கீழே ஊடுருவிச் சென்றன. புல்வெளியின் ஓரங்களில் ஓக்கு மரங்கள் ஒன்றற்கொன்று சேய்மையில் ஐதாக நின்றன. 1837 இல் ஜோன் டீயர் என்பார் உருக்குக் கலப்பையைச் செய்தார். வேர்கள் பின்னிய கடுநிலமும் அதன்பின் உழவுக்கு இணங்கிற்று. ஒரு நூற்றாண்டு கழியுமுன்னர்ப் பழைய பிரேரியில் நூற்றிலொரு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியவையும் புகையிரதப் பாதையோரங்களிலும் பழைய இடுகாடுகளின் மூலைகளிலும் சிதறிக் கிடந்தன. கலப்பை புகாத இடங்கள் அவையே.

ஆயினும் பழைய நிலத்துக்கு எழுத்துச் சான்றும் ஒன்றுண்டு. 1832 முதல் 1866 வரை அரசாங்க நில அளவையாளர் அம்மாநிலம் முழுவதையும் அளந்தனர். எல்லை மூலைகள்தோறும் அருகில் நின்ற மரங்களின் இனம், பருமன், தூரம் என்பவற்றைக் குறிப்பேடுகளிற் பதிந்தனர். நிலத்தை விற்றற்பொருட்டு எழுதப்பட்ட அக்குறிப்புகள், பிற்காலத் தாவரவியலார்க்குப் பழைய காட்டின் பட்டோலையாயின.

மடிசன் நகரிலுள்ள விசுக்கொன்சின் பல்கலைக் கழகம் 1934 இல் மரச்சோலை ஒன்றை நிறுவிற்று. பிறநாட்டு மரங்களைத் திரட்டி வைப்பதினும், குடியேற்றத்துக்கு முற்பட்ட விசுக்கொன்சினின் மாதிரியொன்றை அமைத்தலே தக்கது என்னும் கருத்தை அதன் தொடக்க விழாவில் அல்டோ லியோபோல்ட் எடுத்துரைத்தார். வேலையற்ற இளைஞர்க்கென அரசாங்கம் அமைத்த பாதுகாப்புப் படையினர், தியடோர் ஸ்பெரி என்னும் தாவரவியலாரின் மேற்பார்வையில், 1935 முதல் கைவிடப்பட்ட ஒரு பண்ணை நிலத்தில் நடுகை செய்தனர். எஞ்சிய பிரேரித் துண்டுகளிலிருந்து விதைகளும் புற்கரணைகளும் கொணரப்பட்டன. 1936 ஆம் ஆண்டின் கடும் வறட்சியும் அம்முயற்சியை வருத்திற்று.

வறட்சியினும் நிலையான பகையொன்று இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து மேய்ச்சல் நிலங்களெங்கும் பரவிய நீலப்புல், நட்ட செடிகளை நெருக்கிற்று. தீயோ அக்காலத்தில் காட்டுக்குப் பெரும்பகையெனவே பலராலும் எண்ணப்பட்டது. அதனைத் தடுத்தலே பாதுகாப்பு எனப்பட்டது. ஜோன் கேட்டிஸ் என்னும் தாவரவியலார் அக்கருத்தைச் சோதித்தார். அவர் சிறு பாத்திகளை வெவ்வேறு பருவங்களில் எரித்தும், சிலவற்றை எரியாது விட்டும், ஆண்டுதோறும் செடிகளைக் கணக்கெடுத்தார். மக்ஸ் பாச் என்பாருடன் சேர்ந்து 1948 இல் முடிபை வெளியிட்டார். எரித்த பாத்திகளில் நீலப்புல் பெரிதும் குன்றிற்று. பிரேரிச் செடிகள் பெருகின.

காரணம் எளிது. நீலப்புல் குளிர் நீங்குமுன் துளிர்ப்பது. ஆகவே இளவேனில் தொடக்கத்துத் தீயில் அதன் பச்சைத் தளிர் கருகும். பிரேரிப் புற்களின் மொட்டுகளோ அப்போது மண்ணுள் உறங்குவன. பழைய சருகு எரிந்தபின் மண் விரைந்து வெப்பமடைய, அவை தழைத்தெழும்.

காடுகளும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்ந்தன. தடித்த பட்டையுடைய ஓக்கு தீயைத் தாங்கும். அதன் கன்றோ அடர்நிழலில் நிலைபெறாது. குடியேறியோர் தீயைத் தடுத்த சில பத்தாண்டுகளில், ஐதாக நின்ற ஓக்குச் சோலைகள் அடர்காடாயின. கேட்டிசும் ரொபேட் மக்கின்ரொசும் 95 காட்டுத் துண்டுகளை அளந்து, மரவினங்கள் வேலியிட்டாற்போற் பிரிந்த கூட்டங்களாக நில்லாது, ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியே மாறிச் செல்வதை 1951 இற் காட்டினர். 1959 இல் கேட்டிஸ் இவ்வாராய்ச்சிகளைப் பெருநூலாகத் தொகுத்தார். இரண்டாண்டின் பின் 47 ஆம் வயதில் அவர் மறைந்தார். அப்புல்வெளி இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனி, முற்காலத்தில் அத்தீயை மூட்டியவர் யாவர்? மின்னலும் மூட்டியதுண்டு, ஆனால் அந்நிலத்துத் தொல்குடியினரும் வேட்டைக்காகவும் பிறவற்றுக்காகவும் மூட்டினர். மடிசன் நகரம் ஹோ-சங்கு மக்களின் தாயகத்தில் அமைந்தது. 1829, 1832, 1837 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அவர்களின் நிலம் பறிபோயிற்று. பலமுறை துரத்தப்பட்டும் அவர்களுட் பலர் மீண்டுவந்தனர். அம்மக்களை அகற்றியபோது அந்நிலத்தைப் பேணிய கைகளும் அகன்றன. மனிதர் கைபடாத இயற்கையெனப் பிறர் எண்ணிய புல்வெளி, ஓரளவுக்கேனும் மனிதரின் வரலாற்றுப் படைப்பே என்பது இதனாற் போதரும்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், கேட்டிஸ் குழுவினர் அளந்த தென்பகுதிக் காடுகளைப் பின்வந்தோர் மீண்டும் அளந்தனர். பெரும்பாலானவற்றில் நிலத்துச் சிறு செடியினங்கள் குறைந்திருந்தன. முன்னோர் பொறுமையுடன் எழுதி வைத்த கணக்கு இல்லையேல், அவ்விழப்பினை எவரும் அறிந்திரார். மீட்ட புல்வெளியும் பழைய பிரேரிக்கு முற்றும் நிகரன்று. அந்நியக் களைகள் இன்னும் அதனுட் புகுகின்றன.

ஆதலின் காத்தல் என்பது வேலியிட்டு வாளாவிருத்தலன்று. ஒன்று எவ்வாறு நிலைத்து வந்தது என்பதை அறிந்து, அதற்குரிய தொண்டினை இடையறாது ஆற்றுதலே காத்தலாகும். செடியை அதன் இடத்திற் சென்று கண்டு, எண்ணி, எழுதி வைக்கும் மாணவனும் வரலாற்றுக்கு ஓர் ஏட்டினைச் சேர்ப்பவனே.