வெயில் தாழ ஒரு தூக்கம்

மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் எங்கள் ஆயா விடியும் முன்னே புன்செய்க் கொல்லிக்குப் போய்விடுவார். நிலக்கடலைக்கு வழங்கிய மணிலாக்கொட்டை என்ற பெயர் தென்னார்க்காட்டு வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. கோடை விடுமுறையில் நானும் ஆயாவின் பின்னாலேயே ஓடுவேன். கொல்லி ஓரத்து வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் இரண்டு பொருள்கள் தொங்கும். ஒன்று, எறும்பு ஏறாமல் மாட்டிவைத்த கூழ்த் தூக்கு. மற்றொன்று, பழைய நூல்புடவையில் கட்டிய தூளி; அதற்குள் சித்தியின் கைக்குழந்தை. உச்சிப்பொழுதில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்த பிறகு, ஆயா முந்தானையை விரித்து, வலக்கையைத் தலைக்கு அணைகொடுத்து ஒருக்களித்துப் படுப்பார். தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கால் பெருவிரலில் சுற்றியிருக்கும். விரல் அசைய அசையத் தூளி ஆடும். கொஞ்ச நேரத்தில் விரல் ஓய்ந்துவிடும். தூளி தானாக நாலு முறை ஆடி நின்றுவிடும். "வெயிலு தாழட்டும்டா, செத்த கண்ணசரு" என்று படுக்கும்போதே எனக்கும் சொல்லியிருப்பார்.

அந்த நிழலில் ஒரே சொல் மூன்று உருவத்தில் இருந்திருக்கிறது. கிளையில் மாட்டிய தூக்கு, ஆடிய தூளிக்குள் தூங்கிய குழந்தை, தரையில் தூங்கிய ஆயா. அகராதி புரட்டும் வயது வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 'தூங்குதல்' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். தொங்குதல், ஊசலாடுதல், அசைதல், தாமதித்தல் என்று பொருள்கள் விரிகின்றன; உறங்குதல் அவற்றுள் ஒன்று. பழைய இலக்கியத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் தொங்கிக்கொண்டோ ஆடிக்கொண்டோ மெல்ல நகர்ந்துகொண்டோ இருக்கிறது. கூட்டைக் கிளையிலிருந்து தொங்கவிடும் பறவை தூங்கணாங்குருவி. யாப்பிலக்கணத்தில் வஞ்சிப்பாவுக்கு உரியது தூங்கலோசை, மெல்ல அசைந்து செல்லும் நடை. திருக்குறளில் 383, 672 ஆகிய இரண்டு குறள்களிலும் வரும் தூங்குதல் படுக்கையைக் குறிப்பதே இல்லை. காரியத்தைக் காலம் தாழ்த்துவதைத்தான் அங்கே வள்ளுவர் பேசுகிறார்.

அப்படியானால் இரவில் படுத்து உறங்குவதை முன்னோர் எப்படிச் சொன்னார்கள்? துயிலுதல், துஞ்சுதல், உறங்குதல், கண்படுதல் என்று அதற்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. தொங்குவதைக் குறித்த சொல் இவற்றுக்கு நடுவே எப்படி நுழைந்தது?

விடை அண்டை மொழிகளில் இருக்கிறது. மலையாளத்தில் தூங்குக என்றால் இன்றும் தொங்குவதுதான். உறங்குவதற்கு அங்கே உறங்குக. ஆனால் உட்கார்ந்தபடியே தலை ஆடி விழுவதை மலையாளிகள் 'உறக்கம் தூங்குக' என்கிறார்கள். கன்னடத்தில் தூகு என்றால் ஆட்டு, தொங்கவிட்டு எடை பார். அதிலிருந்து வந்த தூகடிசு என்றால் உட்கார்ந்தபடி கண்ணயர்தல். தெலுங்கில் தூகு என்பது ஊசலாடுவதையும் சொல்லும், தூக்கத்தில் தலை சாய்ந்தாடுவதையும் சொல்லும். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகத்தான் சேர்த்து வைத்திருக்கிறது.

ஆக, நடுவில் விடுபட்ட கண்ணி தலைதான். தூக்கம் வந்தால் முதலில் தொங்குவது தலை. விழுப்புரம் ஜங்ஷனில் பிற்பகல் இரண்டரை மணிக்குப் போய் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பாதைகள் கூடும் நிலையம் அது. வண்டி மாறுவதற்காகக் காத்திருப்பவர்களுக்குக் குறைவே இல்லை. மடியில் பையை அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கவனியுங்கள். முதலில் இமை கனக்கும். பிறகு கழுத்து தளர்ந்து தலை மெல்ல முன்னால் இறங்கும். மோவாய் நெஞ்சைத் தொட்டதும் திடுக்கிட்டு நிமிர்வார். ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி இறங்குவார். 'தூங்கித் தூங்கி விழுகிறான்' என்று இதைச் சொல்கிறோமே, அந்தத் தொடரில் வரும் தூங்குதல் பழைய பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

என் முடிபு இதுதான். தூக்கம் என்ற சொல் பிறந்தது இரவுப் படுக்கையில் அன்று. பகலில், உட்கார்ந்த இடத்தில், கழுத்து தளர்ந்த நேரத்தில். மலையாளம் அதைத் தலை ஆடும் அளவிலேயே நிறுத்திக்கொண்டது. கன்னடமும் தெலுங்கும் முழு உறக்கத்துக்கு வடசொல் வழிவந்த நித்தெ, நித்ர என்பவற்றை எடுத்துக்கொண்டன. தமிழ், அதிலும் வடதமிழ்நாட்டுத் தமிழ், அந்தக் குட்டித் தூக்கத்தின் பெயரையே எட்டு மணி நேர உறக்கத்துக்கும் சூட்டிவிட்டது. தெற்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம் இன்றும் உறங்குகிறார்கள். விழுப்புரத்தில் 'உறங்கினேன்' என்று சொன்னால் மேடைப்பேச்சு போல இருக்கும்.

இந்தச் சொல்லுக்கும் எங்கள் மண்ணுக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களில் ஒன்று கிடங்கில். இன்று திண்டிவனம் நகருக்குள் கிடங்கல் என்று வழங்கும் பகுதி அதுவே. கிடங்கு என்றால் அகழி. சோழனைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இந்தப் பாட்டில் 'தூங்கெயில்' என்ற சொல் வருகிறது. வானத்தில் தொங்கும் கோட்டை என்பது அதன் பொருள். தூங்கிக்கொண்டிருக்கும் கோட்டை என்று எண்ணிவிடக் கூடாது.

எனக்கு அதைவிட நெருக்கமானது பாட்டின் தொடக்கம். வேனில் வெயிலில் பாலை வழியே நடந்து வந்த பாணர் குடும்பம் ஒரு மரத்தடியில் இளைப்பாறுகிறது. இலை உதிர்ந்த மரம். நிழல் அடர்த்தியாக விழாமல் கோடு கோடாக விழுகிறது. நடந்து நொந்த விறலியரின் பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிவிடுகிறார்கள். இளைப்பாறுவதற்கு நத்தத்தனார் போட்ட சொல் அசைஇ. அசைதல் என்றால் ஆடுதல், தளர்தல், தங்கி ஓய்தல். 'அசந்து போனேன்', 'அசதியா இருக்கு', 'கண்ணசந்துட்டேன்' என்று நாம் நாளெல்லாம் சொல்வதிலும் இந்தத் தளர்ச்சியின் சாயல் இருக்கிறது. ஆடுவதும் ஓய்வதும் ஒரே சொல்லுக்குள் வருவது தூங்கு, அசை இரண்டுக்கும் பொது. ஆயாவின் கால்விரலும் தூளியும்தான் என் நினைவுக்கு வருகின்றன.

அயர்தலுக்கும் ஏறக்குறைய இதே கதை. விழா அயர்தல், வெறி அயர்தல் என்று கொண்டாட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இருந்த சொல், ஆடிக் களைத்த பின் வரும் சோர்வுக்கும் ஆகி, இன்று கண்ணயர்வதில் வந்து நிற்கிறது. உண்ட மயக்கத்தில் வரும் மயக்கமும் எளிய சொல்லன்று. தொல்காப்பியத்தில் மயக்கம் என்றால் கலத்தல். விழிப்பும் உறக்கமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் நிலை என்று கொண்டால், உண்ட மயக்கம் எவ்வளவு துல்லியமான சொல்! தொண்டருக்கும் அது உண்டு என்று பழமொழி சொல்லிவைத்தவர்கள் அதைக் குற்றமாக நினைக்கவில்லை.

வங்காளிகள் இதை பாத்-கும் என்பார்கள், சோற்றுத் தூக்கம் என்று பொருள். ஸ்பானியரின் சியஸ்டா சோற்றிலிருந்து வரவில்லை, கடிகாரத்திலிருந்து வந்தது. சூரியன் எழுந்ததிலிருந்து எண்ணினால் ஆறாம் மணி என்பதற்கான லத்தீன் சொல்தான் அதற்கு வேர், அதாவது நண்பகல். ஆங்கிலத்தின் நூன் ஒன்பதாம் மணியைக் குறித்துப் பிறந்து, நாளாவட்டத்தில் மூன்று மணி நேரம் முன்னுக்கு நகர்ந்து நண்பகலில் வந்து உட்கார்ந்த சொல். ஐரோப்பியர் மணியை எண்ணிப் பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் தலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: சூரியன் தலைக்கு மேல் வந்தால் உச்சி, தலை தொங்கினால் தூக்கம். ஜப்பானியரிடம் இனெமுரி என்றொரு சொல் இருக்கிறது, கூட்டத்திலோ ரயிலிலோ இருந்த இடத்தில் இருந்தபடியே கண்ணயர்வது. நம் தூங்குதலின் பழைய பொருளுக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் மதிய உணவுக்குப் பின் சாய்வதைக் கைலூலா என்பார்கள். நபிவழி என்று அதைப் பேணுகிறவர்கள் உண்டு.

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி. அங்கே பல கடைகள் மதியம் ஒரு மணிக்கு மேல் கதவைச் சாத்திவிட்டு நாலு மணி வாக்கில் திறக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். நான் அதை முழுதாக ஒப்ப மாட்டேன். பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறி வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் உச்சிகால பூசை முடிந்ததும் நடை சாத்தின. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றில், பல்லவர் குடைந்த குகைக்குள் அரங்கநாதர் படுத்த கோலத்தில் இருக்கிறார். அவர் தூங்குகிறார் என்று யாரும் சொல்வதில்லை, பள்ளிகொண்டிருக்கிறார் என்பார்கள். பள்ளி என்பது படுக்கும் இடம். செஞ்சி வட்டாரத்து நெகனூர்பட்டிப் பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ள 'பள்ளி' சமண முனிவர்கள் தங்கிப் படுத்த இடத்தைக் குறிக்கிறது. அவர்கள் படுத்த இடத்திலேயே பாடமும் சொல்லிக்கொடுத்ததால் அந்தச் சொல் நம் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் பெயரானது என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து.

பகலில் தூங்குவது கூடாது என்ற குரலும் பழையதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவர் தேரையரின் பிணியணுகா விதி பகலுறக்கத்தை விலக்குகிறது. 605-ஆம் குறள், கெட்டழிவோர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கில் துயிலையும் ஒன்றாக வைக்கிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் பகலுறக்கத்தை விலக்குகிறது. ஆனால் அதே நூல் வேனிற்காலத்துக்கு விலக்கு தருகிறது; இரவு குறுகி உடல் வறளும் பருவம் என்று காரணமும் காட்டுகிறது. முதியவர், குழந்தைகள், சுமை தூக்கிக் களைத்தவர், நெடுவழி நடந்து ஓய்ந்தவர் எந்தப் பருவத்திலும் பகலில் உறங்கலாம் என்கிறது. நத்தத்தனாரின் பாணரும் எங்கள் ஆயாவும் அந்தப் பட்டியலுக்குள் வருகிறார்கள். உழைக்காதவனின் பகலுறக்கத்துக்குச் சொன்ன பழியை விடியலில் எழுந்து மல்லாட்டை பிடுங்கியவள் தலையில் கட்டுவது அநியாயம்.

உண்ட மயக்கம் உண்டதால் மட்டும் வருவதும் இல்லை. நம் உடற்கடிகாரத்தில் விழிப்பு தாழும் நேரங்கள் நாளுக்கு இரண்டு: ஒன்று நள்ளிரவு கடந்து விடியலுக்கு முன், மற்றது பிற்பகல். மதியம் பட்டினி கிடந்தாலும் இரண்டு மணி வாக்கில் இமை கனக்கும். அப்போது 20 நிமிடம் கண்மூடி எழுந்தால் தெளிவு வரும். ஒரு மணி நேரம் இழுத்துவிட்டால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழ நேர்ந்து தலை பாரமாகும். கோழித்தூக்கம் என்று நம்மவர்கள் அளவு வைத்தது இதற்குத்தான்.

எந்த நிழலில் படுப்பது என்பதற்கும் எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்று பொருள். புளிக்கு வடமொழியில் திந்திரிணி. ஊரின் சிவன் பெயர் திந்திரிணீஸ்வரர். ஆனால் புளியமரத்தடியில் படுக்காதே என்று ஆயா அதட்டுவார், உச்சிவேளையில் முனி அடிக்கும் என்பார். படுக்க வேப்பமரம், நடக்கப் புளியமர நிழல். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் பட்டை செதுக்கி எண் எழுதிய புளியமரங்கள் நின்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாலை நான்கு வழியானபோது அவை வெட்டுப்பட்டன. இன்று திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பிற்பகலில் வண்டி ஓட்டுகிறவருக்கு நேர்ச்சாலையும் கானலும்தான் துணை. அந்தச் சாலையில் கண்ணசந்தவர்களின் கதை எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி ஓரமாக நிற்கும் லாரிகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரும்புச் சட்டத்தில் லுங்கியையோ போர்வையையோ தூளியாகக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், தூங்குதலின் இரண்டு பொருளிலும். பார்த்தால் ஹாரன் அடிக்காமல் போங்கள். நீங்களே ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது தலை ஒருமுறை இறங்கி நிமிர்ந்தால், அந்த ஒருமுறையே போதும்: வண்டியை ஓரங்கட்டி, வெயில் தாழும்வரை கண்ணசந்துவிட்டுப் புறப்படுங்கள்.